ஜிப்ஸியா, பழைய தாரா? சென்னையில் முதல் ஃபோர் வீல் டிரைவ் வாங்குபவருக்கு

திருவான்மியூரில் ஒரு வீட்டு வாசலில் நின்ற ஜிப்ஸியைப் பார்க்கப் போயிருந்தோம். புது பெயின்ட், புது டயர், வெயிலில் பளபளவென்று மின்னியது. பின்பக்கம் விரித்திருந்த ரப்பர் மேட்டைத் தூக்கினேன். தகடு இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை. அதன் வழியே கீழே உதிர்ந்து கிடந்த வேப்பம்பூ தெரிந்தது. கூட வந்த தம்பி அட்வான்ஸ் பணத்தைப் பையில் வைத்திருந்தான். திரும்பி வரும்போது வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை.

அன்று இரவு டீக்கடையில் அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். சென்னையில் பழைய ஃபோர் வீல் டிரைவ் தேடுபவர்கள் பெரும்பாலும் இரண்டு வண்டிகளுக்கு நடுவில்தான் தவிக்கிறார்கள். ஒன்று மாருதி ஜிப்ஸி, இன்னொன்று 2020-க்கு முந்தைய மஹிந்திரா தார். இரண்டில் எது என்பதற்கு என் பதிலைக் கீழே சொல்கிறேன். ஆனால் உப்புக்காற்றும் வெள்ளமும் உள்ள இந்த ஊரில் வண்டியின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் அடிவயிற்றைப் பார்க்க வேண்டும். அழுகிய சேஸிஸில், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தில், எந்த எஞ்சின் இருந்தும் பயனில்லை.

முதலில் இரண்டையும் பற்றிக் கொஞ்சம்

ஜிப்ஸி 1985 டிசம்பரில் வந்தது. சுசூகியின் எஸ்.ஜே.410-ஐ நீளமாக்கிய வண்டி அது, 970 சிசி பெட்ரோல் எஞ்சின். 1996-ல் 1,298 சிசி எஞ்சினோடு ஜிப்ஸி கிங் வந்தது. 2000 வாக்கில் அதே கிங்கில் எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை), 16 வால்வு, 80 குதிரைத்திறன் என்று ஆனது. முதல் தடவை வாங்குபவர் இந்த எம்.பி.எஃப்.ஐ. கிங்கை மட்டும் தேடுங்கள். கார்புரேட்டர் வண்டிகளும் இனிமையானவைதான். ஆனால் அவற்றை டியூன் பண்ணத் தெரிந்த கை இப்போது குறைந்துவிட்டது.

ஜிப்ஸியின் பலமே அதன் எடைதான். சாஃப்ட் டாப் (துணிக்கூரை) வண்டி 985 கிலோ, ஒரு டன்கூட இல்லை. நாலு சக்கரத்திலும் லீஃப் ஸ்பிரிங், முன்னும் பின்னும் ஒரே துண்டான ஆக்சில். சேற்றில் கனமான வண்டிகள் புதையும் இடத்தில் இது மேலே மேலே போய்விடும். பதிலுக்கு நீங்கள் விட்டுக்கொடுப்பதும் நிறைய இருக்கிறது. பவர் ஸ்டியரிங் கிடையாது. கம்பெனி ஏ.சி. கிடையாது. 103 நியூட்டன் மீட்டர் டார்க், அதுவும் 4,500 ஆர்.பி.எம்.மில்தான் கிடைக்கும். அதனால் மேடு ஏற வேண்டுமென்றால் எஞ்சினை நன்றாக மிதிக்க வேண்டும்.

தார் 2010 அக்டோபரில் வந்தது. அதில் இரண்டு வகை. சி.ஆர்.டி.இ. என்பது 2.5 லிட்டர் டீசல், 105 குதிரைத்திறன், 247 நியூட்டன் மீட்டர். அந்த முழு டார்க்கும் 1,800 ஆர்.பி.எம்.மிலேயே வந்துவிடும். காலை எடுத்தால்கூட வண்டி தானாக மேடு ஏறுவது போல இருக்கும். டி.ஐ. என்பது 63 குதிரைத்திறன் கொண்ட பழைய பாணி எஞ்சின். எளிமையானது, சத்தமானது. டி.ஐ.யில் ஃபோர் வீல் இல்லாத வண்டிகளும் உண்டு, அதனால் விளம்பரத்தில் 'தார்' என்று பார்த்ததும் கிளம்பிவிடாதீர்கள். சி.ஆர்.டி.இ.யில் முன்பக்கம் டார்ஷன் பாரோடு (முறுக்கிக்கொடுத்து ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி) தனித்தனி சஸ்பென்ஷன், பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங். 2015-ல் வந்த மாற்றத்தில் சி.ஆர்.டி.இ.க்குப் பின் ஆக்சிலில் தானாக லாக் ஆகும் டிஃபரன்ஷியல் (சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்) கொடுத்தார்கள். ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றும்போது அதன் அருமை தெரியும். 2020 அக்டோபர் 2 முதல் விற்பனைக்கு வந்த தார் முழுக்க வேறு வண்டி. நம்ம செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா ரிசர்ச் வேலியில் உருவானது. அதன் பேச்சு இங்கே வேண்டாம்.

சரி, எது?

வீட்டில் இந்த ஒரே வண்டிதான், ஆபீஸ் போகவும் இதுதான், வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்றால் தார் சி.ஆர்.டி.இ. எடுங்கள். கத்திப்பாராவில் மே மாதத்து மதியம் நெரிசலில் நிற்கும்போது ஏ.சி.யும் பவர் ஸ்டியரிங்கும் ஆடம்பரமாகத் தெரியாது. வீட்டில் வேறு கார் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் கிரீஸ் படுவது உங்களுக்குப் பிடிக்கும் என்றால் ஜிப்ஸி. எனக்கு ஜிப்ஸிதான் பிடிக்கும், மறைக்கவில்லை. ஆனால் முதல் வண்டியாக அதை எடுத்துவிட்டு ஆறே மாதத்தில் விற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் சொன்ன காரணம், அம்மாவால் ஏறி உட்கார முடியவில்லை. வாங்குவதற்கு முன்னால் வீட்டில் எல்லோரையும் ஒரு தடவை பின்சீட்டில் உட்காரவைத்து ஒரு சுற்று போய் வாருங்கள். இரண்டு வண்டியிலும் பின்னால் பக்கவாட்டு சீட்டாக இருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எரிபொருளைப் பொறுத்தவரை, என் அனுபவத்தில் சென்னை நெரிசலில் ஜிப்ஸி லிட்டருக்கு எட்டு ஒன்பது, தார் பத்து பதினொன்று கொடுக்கும். இதை வைத்து முடிவு செய்ய வேண்டியதில்லை. டீசலில் மிச்சம் பிடித்ததை ஒரே ஒரு இன்ஜெக்டர் வேலை தின்றுவிடும்.

வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்: ஆர்.சி.

முதலில் ஆர்.சி. புக்கின் போட்டோவை அனுப்பச் சொல்லுங்கள். தயங்குகிறவரிடம் போகவே வேண்டாம். பதிவு 15 வருடத்துக்குத்தான் செல்லும், அப்புறம் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2010, 2011-ல் பதிவான முதல் தார்கள் இப்போது அந்த எல்லைக்கு வந்துவிட்டன. ஜிப்ஸிகளில் பல அதை ஏற்கெனவே தாண்டியவை. புதுப்பிப்பதற்குப் படிவம் 25, வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக ஏறியது. 20 வருடம் தாண்டிய கார் வகைக்கு 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. இதற்கு மேல் பசுமை வரியும் உண்டு. பணத்தைவிட, எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்காக டிங்கரிங், பெயின்ட், லைட் என்று ஓடும் அலைச்சல்தான் பெரிது. எனவே எஃப்.சி. காட்டி முடித்து ஐந்து வருடம் கையில் இருக்கும் வண்டிக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை.

ஆர்.சி.யில் லோன் எழுதியிருந்தால், அது முடிந்ததைக் காட்டும் படிவம் 35-ம் வங்கியின் கடிதமும் கைக்கு வந்த பிறகுதான் முழுப் பணம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 'ஓப்பன்ல வெச்சுக்கலாம் சார், அப்புறம் மாத்திக்கலாம்' என்று புரோக்கர் சொன்னால் கேட்காதீர்கள். வண்டி ஏதாவது விபத்தில் மாட்டினால் அந்தப் பழைய ஓனரும் நீங்களும் சேர்ந்து அலைய வேண்டியிருக்கும்.

வெளிமாநில நம்பர் ஜிப்ஸி விலை குறைவாகத் தெரியும். அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்றான என்.ஓ.சி., இங்கே கட்ட வேண்டிய லைஃப் டாக்ஸ், மறுபதிவு எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் பல சமயம் அந்த லாபம் காணாமல் போகும். ராணுவ ஏலத்தில் வந்த ஜிப்ஸி என்றால் இன்னொன்றைக் கவனியுங்கள். ராணுவத்தின் ஆலிவ் பச்சை நிறத்தைத் தனியார் வண்டிக்கு அடிக்கக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதி 121 சொல்கிறது. அந்தப் பச்சையோடு ஆசையாக வாங்கி, முதல் செக்போஸ்டிலேயே பதில் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். முன்னால் மாட்டியிருக்கும் கனமான கம்பி பம்பருக்கும் 2017 டிசம்பரிலிருந்து தடை இருக்கிறது. ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருந்து உள்ளே டீசல் எஞ்சின் ஓடினால் வண்டியைத் தொடாமல் வந்துவிடுங்கள். நேரில் போனதும் சேஸிஸ் நம்பர் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

கீழே படுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஒரு பழைய பாய், டார்ச், பெரிய ஸ்க்ரூ டிரைவர், இது போதும். காலை வெளிச்சத்தில் போங்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போது வண்டி பார்க்கவே கூடாது, ஈரத்தில் எல்லா பெயின்ட்டும் அழகாகத்தான் தெரியும்.

சேஸிஸின் இரண்டு நீளக் கட்டைகளையும் ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று பேசும். துரு தின்ற இடம் 'டொப்' என்று அமுங்கிச் சத்தம் தரும். ஜிப்ஸியில் பின் ஸ்பிரிங் மாட்டும் இடம், பாடி சேஸிஸோடு உட்காரும் ரப்பர் மவுன்ட்டுகள், பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவு, இவை மூன்றும்தான் முதலில் போகும். தாரில் தகடும் தகடும் சேரும் ஓரங்கள், கதவின் கீழ்ப்படி, முன்கண்ணாடி ஃபிரேமின் அடி, மேட்டுக்கு அடியில் தரை. தார் கூரையில் தண்ணீர் ஒழுகும். ஒழுகிய தண்ணீர் மேட்டுக்கு அடியில் தேங்கி, மேலே ஒன்றும் தெரியாமலே தரையைத் தின்னும்.

அடிப்பாகம் முழுக்கப் புதுக் கறுப்புக் கோட்டிங் அடித்திருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். என் முதல் ஜிப்ஸி அப்படித்தான் இருந்தது. 'இப்பத்தான் சார் அடிச்சோம், பத்து வருஷத்துக்குத் துருப் பிடிக்காது' என்று விற்றவர் சொன்னார், நம்பினேன். இரண்டாவது மழைக்காலத்தில் மாமல்லபுரத்திலிருந்து திரும்பும்போது பின்னால் ஒரு பக்கம் சரிந்தது. ஸ்பிரிங் மாட்டும் பிராக்கெட் துருவோடு கையில் வந்தது. கோட்டிங்கைச் சுரண்டினால் உள்ளே பிஸ்கட் மாதிரி அடுக்கடுக்காக உதிர்ந்தது. வெல்டிங் செலவைவிட, குழந்தைகள் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள் என்ற நினைப்புதான் பல நாள் தூங்கவிடவில்லை. கோட்டிங் அடித்த வண்டி என்றால் நாலு இடத்தில் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். முடியாது என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்து வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற வண்டிகள் இன்னும் கை மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் காரைக் கொண்டுபோய் நிறுத்தும் ஊர் இது, அந்த பயத்துக்குக் காரணம் இருக்கிறது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெளியே சுத்தமாக இருந்தாலும் உள்ளே சுருண்டிருக்கும் கடைசி அரை அடியில் மண்கோடு தெரியும். டாஷ்போர்டுக்கு அடியில் ஒயர் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா, ஹெட்லைட்டுக்குள் மண்படலம் இருக்கிறதா என்று பாருங்கள். முன், பின் ஆக்சில் இரண்டிலும் ஆயில் போல்ட்டைக் கழற்றி ஒரு சொட்டு எடுக்கச் சொல்லுங்கள். தேன் நிறமோ கறுப்போ இருந்தால் பரவாயில்லை. பால் கலந்த டீ மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

ஜிப்ஸியின் முன்சக்கரத்துக்குப் பின்னால் உருண்டையான ஒரு பாகம் தெரியும். அதைச் சுற்றி ஆயிலும் கிரீஸும் கலந்து வழிந்திருந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கிங் பின் (சக்கரம் திரும்பும் அச்சு) பேரிங் தேய்ந்திருக்கிறது. தாரில் முன் டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா, பால் ஜாயின்ட்டுகள் ஆடுகின்றனவா, சஸ்பென்ஷனின் கீழ்க்கை (லோயர் ஆர்ம்) சேஸிஸோடு சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று நிதானமாகப் பாருங்கள்.

எஞ்சின்

சூடாக்காமல் வைக்கச் சொல்லிவிட்டுப் போங்கள். பானட்டில் கை வைத்துப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். ஜிப்ஸியில் நீலப்புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. எஸ்டீம் காரில் ஓடிய அதே குடும்பத்து எஞ்சின் என்பதால் வேலை தெரிந்தவர்களும் பாகங்களும் கிடைப்பார்கள், பயம் வேண்டாம். தாரில் ஆயில் மூடியைத் திறந்து வையுங்கள். லேசான ஆவி வந்தால் சரி, புகைபோக்கி மாதிரி குபுகுபுவென்று தள்ளினால் எஞ்சின் தளர்ந்துவிட்டது.

பெட்ரோல் ஜிப்ஸிக்கு இன்னொரு விஷயம். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸ்களை அது சீக்கிரம் கெடுக்கும். ஹோஸை விரலால் வளைத்துப் பாருங்கள், வெடிப்புத் தெரிந்தால் வாங்கியதும் முதல் வேலையாக எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

ஃபோர் வீல் உண்மையிலேயே வேலை செய்கிறதா?

இதைச் சோதிக்காமலே பணம் கொடுப்பவர்கள்தான் அதிகம். லீவர் நகர்கிறது, லைட் எரிகிறது, அவ்வளவுதான் என்று நினைத்துவிடுகிறார்கள்.

இரண்டு வண்டியிலும் இருப்பது பார்ட் டைம் ஃபோர் வீல். நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் போட்டதும் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் பூட்டப்படும். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த ரோட்டில் வழுக்க இடமில்லை, அதனால் முறுக்கு முழுவதும் கியர்களிலும் ஷாஃப்ட்டிலும் ஏறும். 'பாருங்க சார் ஃபோர் வீல்' என்று ரோட்டிலேயே போட்டு வளைத்துக் காட்டும் ஓனர், பல வருடமாக அப்படித்தான் ஓட்டியிருப்பார்.

எனவே ஒரு காலி மனையோ, மணல் கொட்டியிருக்கும் இடமோ பார்த்துப் போங்கள். ஜிப்ஸி என்றால் முதலில் இறங்கி முன்சக்கர நடுவில் இருக்கும் ஹப்பைத் திருகி 'லாக்' பண்ணுங்கள், இரண்டு பக்கமும். திருகவே வரவில்லை என்றால் வருடக்கணக்கில் யாரும் தொடவில்லை. ஹப் ஃப்ரீயில் இருந்தால் உள்ளே லீவர் எதில் இருந்தாலும் முன்சக்கரத்துக்குச் சக்தி போகாது. அப்புறம் வண்டியை நிறுத்தி, கிளட்ச்சை மிதித்து ஃபோர் ஹை, அதாவது சாதாரண வேகத்துக்கான நாலு சக்கர நிலை. மெதுவாக ஒரு வட்டம் அடியுங்கள். ஸ்டியரிங் கனமாகி வண்டி இழுத்துப் பிடிப்பது போல இருந்தால் வேலை செய்கிறது. பிறகு மறுபடி நிறுத்தி ஃபோர் லோ, அதாவது மெதுவாக அதிக இழுவை தரும் நிலை. முதல் கியரில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் விட்டால் நடந்துபோகிறவர் முந்துகிற வேகத்தில் வண்டி ஊரும். அந்த வேகத்தில் காலை வைத்து எடுத்து, வைத்து எடுத்துப் பாருங்கள். லீவர் தானாக வெளியே துள்ளினால் டிரான்ஸ்ஃபர் கேஸை, அதாவது முன் ஆக்சிலுக்கும் சக்தி அனுப்பும் கியர் பெட்டியை, பிரிக்க வேண்டியிருக்கும்.

முன்சக்கரம் சுற்றுகிறதா என்று கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. பின்சக்கரங்கள் மணலில் புதைந்து சுற்றும் அளவுக்குக் கொஞ்சம் இறக்கி, நண்பரை ஓட்டச் சொல்லி நீங்கள் பக்கவாட்டில் தள்ளி நின்று பாருங்கள். முன்சக்கரங்களும் மண்ணை வாரினால் சந்தேகமே இல்லை. கடற்கரைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நம் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. மணலுக்கடியில் இருக்கும் முட்டைகளுக்கு ஒரு டயர் போதும்.

ரோட்டில்

ஓ.எம்.ஆர். பக்கம் அதிகாலையில் போனால் வேகம் பிடித்துப் பார்க்க இடம் கிடைக்கும். ஜிப்ஸியில் 60, 70-ல் ஸ்டியரிங் உதறத் தொடங்கினால் டயர் பேலன்ஸ், டை ராட் எண்ட், கிங் பின் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். சும்மா விட்டால் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் முன்பக்கம் மொத்தமாக ஆடத் தொடங்கிவிடும். பிரேக் இரண்டிலும் இன்றைய கார் மாதிரி பிடிக்காது, தூரம் விட்டு ஓட்டப் பழகிக்கொள்ளுங்கள்.

விலை பேசுவது பற்றி நான் நீளமாகச் சொல்ல மாட்டேன், ஒவ்வொரு வண்டிக்கும் அது வேறு. ஒன்று மட்டும் சொல்கிறேன். கையில் இருக்கும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துத் தனியாக வையுங்கள், மீதிக்குத்தான் வண்டி. அந்த ஒரு பங்கு முதல் மூன்று மாதத்தில் கட்டாயம் போகும். பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் புதுப்பேட்டையும் இருக்கின்றன. புதுப்பேட்டையில் பழைய கண்ணாடி, கதவு, சீட் ஃபிரேம் தாராளமாக வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எதையும் பழையதாக வாங்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும்

எத்தனை நாளைக்கு முன்னால் மாற்றியிருந்தாலும் ஆயில் எல்லாவற்றையும் மாற்றுங்கள். சாதாரண காரில் இரண்டு இடம், இதில் ஐந்து: எஞ்சின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஆக்சில், பின் ஆக்சில். புரொபெல்லர் ஷாஃப்ட்டில் இருக்கும் கிரீஸ் நிப்பிள்களைச் சர்வீஸில் பல பேர் மறந்துவிடுவார்கள், பக்கத்தில் நின்று அடிக்கச் சொல்லுங்கள். ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலையில் போய்வந்த ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைப் பீய்ச்சிக் கழுவுங்கள். மேலே துடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

மாதம் ஒரு தடவை மண் ரோடு கிடைக்கும் இடத்தில், ஜிப்ஸி என்றால் ஹப்பை லாக் பண்ணி, ஃபோர் ஹை போட்டு, நாலைந்து கிலோமீட்டர் நேராக ஓட்டுங்கள். முன் ஆக்சிலுக்குள் ஆயில் சுற்றி சீல்கள் காயாமல் இருக்கும். அந்தத் தம்பி இப்போது 2016 தார் வைத்திருக்கிறான், வாங்குவதற்கு நாலு மாதம் ஆனது, ஏழு வண்டிக்கு அடியில் படுத்தான். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலை போன் பண்ணி, 'அண்ணா, ஃபோர் போட்டுட்டேன்' என்கிறான்.